சார்ஜ் ஏறும் வரை

ஆகஸ்ட் 4, ஞாயிறு. மீமிசல்

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது. அது பச்சையாக மாறச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை செய்ய வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன். இந்த டயரி மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்தின் பெயர் போட்டிருக்கிறது.

அறந்தாங்கியில் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டேன். என்னுடையது பேட்டரி வண்டி. லைசென்ஸ் தேவையில்லை என்று, நான் மருந்துக்கடை வேலைக்குப் போய்வர என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. ஊருக்குள் ஓட்டத்தான் லாயக்கு. ஆவுடையார்கோவில் தாண்டியதும் எதிர்க்காற்று. காற்றை எதிர்த்து ஓட்டினால் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மீமிசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. மீதித் தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் போனால் என்ன என்று என் மகள் எழில் கேட்கிறாள். பஸ் நிற்கிற இடத்தில்தான் அவள் அப்பா நிற்பார் என்று என்ன நிச்சயம்?

முதலில் ஒரு டீக்கடையில் கேட்டேன். "செல்போன்னா மாட்டிக்கங்கம்மா. இது அடுப்பு மாதிரி கரண்டை இழுக்கும்" என்றார் மாஸ்டர். அடுத்த கடையில் பிளக்கே இல்லை. அப்புறம்தான் இந்த மாவு மில். மில்காரர் ஒன்றும் கேட்காமல் மூலையில் இருந்த பெரிய பிளக்கைக் காட்டினார். சீட்டைத் தூக்கி, பேட்டரியைக் கழற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து வைத்தேன். அதற்கப்புறம்தான் யார், எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார்.

போட்டோவைக் காட்டினேன். என் வீட்டுக்காரர். பெயர் திருமேனி, வயது நாற்பத்தாறு. ஜூன் கடைசியில் ஒரு நாள் காலையில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. மீமிசல் பஸ்ஸில் பார்த்ததாக ஒரு கண்டக்டர் சொன்னார். அதனால் இந்தப் பக்கம் தேடிக்கொண்டு வருகிறேன்.

மில்காரர் கையில் இருந்த மாவைத் துண்டில் துடைத்துவிட்டு போட்டோவை வாங்கினார்.

"வீட்டுல எதும் சண்டையாம்மா?"

"இல்லைங்க. மனசு சரியில்லாம இருந்தாரு. மறதியில எங்கேயோ போயிட்டாரு."

"பேரு ஊரெல்லாம் சொல்லத் தெரியுமா அவருக்கு?"

"தெரியும்."

அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷின் பக்கம் போய்விட்டார். டயரி முழுக்க மாவு படிந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒருதரம் ஊதி ஊதி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஊரெல்லாம் காய்ச்சல். கடையில் மூச்சுவிட நேரமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். ரைட்டர் என் புகாரை எடுத்து வைத்துக்கொண்டு, "காணவில்லைன்னு எழுதியிருக்கீங்க. கேஸ் இருக்கிற ஆளும்மா அவரு. நாங்க தலைமறைவுன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

"காணோம்னே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓடி ஒளிகிற மனிதர் பால் வாங்கி வைத்துவிட்டா போவார்? அன்றைக்குப் பால் பாக்கெட்டை அடுப்படியில் வைத்து, பக்கத்திலேயே செல்போனையும் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இரண்டு கைலி, ஒரு போர்வை, சவரப் பெட்டி, பேப்பர் படிக்கிற கண்ணாடி, இவ்வளவும் வீட்டில் இல்லை. மறதியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. மீமிசல் தாண்டி

இன்றைக்கு ஒரு சலூனில் இடம் கிடைத்தது. முதலில் பெட்ரோல் பங்க்கில் கேட்டேன். "பெட்ரோல் போடுற இடத்துல பேட்டரிக்கு என்னம்மா வேலை" என்று சொல்லிச் சிரித்தார்கள். சலூன்காரர் கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளக்கைக் கொடுத்து, எனக்கு வெளியே ஒரு ஸ்டூலும் போட்டார். ஆண்கள் முடிவெட்டிக்கொள்கிற இடத்தில் உட்கார ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லா ஆண்களும் வந்துபோகிற இடம் இதுதான்.

சலூன்காரர் போட்டோவைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சாயல்ல ஒருத்தரு போன மாசம் வந்தாரும்மா. மீசையை எடுத்துடச் சொன்னாரு. நல்ல மீசையாச்சே, ஏன் சார்னு கேட்டேன். ‘கனக்குதுங்க’ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு."

"புத்தி சரியில்லாதவரு மாதிரி இருந்தாரா?"

"சேச்சே. நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு."

அது வேறு ஆள். என் வீட்டுக்காரர் மீசையை எடுக்கமாட்டார். பிப்ரவரியிலிருந்து அவர் சிரித்ததும் இல்லை.

பிப்ரவரி என்று எழுதிவிட்டேன். மீதியையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினார். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் பிள்ளையை இறக்கிவிட்டு வேனைப் பின்னால் எடுத்தார். எதிர்வீட்டு சுகந்தியின் மகள் நிவிஷா. யு.கே.ஜி. படித்தாள். இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்துத்தான் எடுத்தார். அன்றைக்கு வேனில் ஆயா வரவில்லை. வந்திருந்தால் பின்னால் நின்று பார்த்திருப்பாள். அவ்வளவுதான் நடந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு அப்படியே ஓடினேன்.

ஜாமீனில் வந்த பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அவர் ஏதாவது ஆரம்பிப்பார். நான் விடமாட்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுங்கள் என்பேன். கீறிக் கீறிப் பார்த்தால் எந்தப் புண் ஆறும்? மருந்துக்கடையில் இத்தனை வருடம் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 15, வியாழன். கோட்டைப்பட்டினம்

சுதந்திர தினம், கடை லீவு. எழில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றப் போய்விட்டாள். நான் இங்கே வந்துவிட்டேன்.

படகுகள் வந்து நிற்கிற பக்கமாகப் போகும் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. வீட்டு முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு நடத்துகிறார்கள். நடத்துகிற அம்மாவின் பெயர் பரக்கத் நிஷா. ஐம்பது வயது இருக்கும். வெயிலில் நான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, கேட்பதற்கு முன்னாலேயே, "உள்ள கொண்டாம்மா, கிரைண்டர் பிளக்குல மாட்டு" என்றார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம் போட்டோவைக் கொடுத்தேன்.

இந்த அக்கா பார்த்த மாதிரி இதுவரை யாரும் அந்தப் போட்டோவைப் பார்த்ததில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியலையேம்மா" என்றார்.

எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறாள், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒன்றொன்றாக விசாரித்தார். கேஸ் விவரம் நான் சொல்லவில்லை. அவரும் ஏன் போனார் என்று கேட்கவில்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

மதியம் கடைக்கு ஒரு ஆள் வந்தார். அக்கா வாசலிலேயே நிறுத்தி அவரிடம் ஒரு பார்சலைக் கொடுத்து, "ஐஸ் கம்பெனியில குடுத்துடு. இன்னைக்கு இங்க சாப்பிட வரவேணாம்னு சொல்லு" என்றார். கூட்டமாக இருக்கும் என்பதால் சொன்னாரோ என்னவோ. கடையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

எனக்குச் சோறும் மீன் குழம்பும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவரைப் பாத்தா என்னம்மா செய்வ?"

"கூட்டிட்டுப் போவேன்."

"வரலைன்னா?"

"வராம இருக்கமாட்டாரு. நான் வந்து நின்னா போதும்."

அக்கா என் தட்டில் இன்னொரு மீனை வைத்தார். சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை. கிளம்பும்போது என் போன் நம்பரை அவரே கேட்டு, ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். நல்ல மனுஷி. இந்த ஊரில் என் வீட்டுக்காரர் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. அடுத்து தொண்டிப் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தோள்பட்டை தூக்க முடியவில்லை. வலி மருந்து தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தொண்டி வரைக்கும் போக முடியவில்லை. வழியில் ஒரு மாட்டுத்தீவனக் கடையில் பேட்டரியை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம்தான் வரும் என்றார்கள். பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. வாட்ச்மேனிடம் கேட்டேன். "விசேஷ வீட்டுல வந்து இதெல்லாம் கேக்காதம்மா" என்றார். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துச் சுவர் நிழலில் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் போட்டோவைக் காட்டத் தோன்றவில்லை. முதல் தடவையாக, காட்டாமலே ஒரு ஊரிலிருந்து திரும்பினேன்.

மீன் இறக்கிவிட்டு வந்த ஒரு குட்டி யானை வண்டியில் என்னையும் ஸ்கூட்டரையும் ஏற்றிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் மீன் வாடை. எழில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"அம்மா, அப்பா சவரப் பெட்டியெல்லாம் எடுத்துட்டுப் போயிருக்காரும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏம்மா?"

குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பதினாறு வயசுப் பெண்ணிடம் இதையெல்லாம் என்ன பேசுவது?

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் வக்கீல் போன் செய்தார். செப்டம்பரில் வாய்தாவாம். அதற்கும் அவர் வரவில்லை என்றால் பிடிவாரண்ட் போட்டுவிடுவார்கள் என்றார். வந்துவிடுவார் சார் என்று சொன்னேன்.

சாயங்காலம் கடையில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். பரக்கத் அக்கா. பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீ வந்துட்டுப் போனதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்லம்மா. உன் வீட்டுக்காரரு இங்க ஐஸ் கம்பெனியிலதான் இருக்காரு. எங்கிட்டதான் சாப்பிடுறாரு. யாரும் தேடி வந்தா சொல்லாதீங்கக்கான்னு எங்கிட்ட முதல்லயே கேட்டுக்கிட்டாரு. நான் செய்யிறது சரியா தப்பான்னு தெரியல. நாளைக்கே வந்துரு. விட்டா நான் மனசு மாறிடுவேன்."

உடம்பு நல்லா இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன்.

"நல்லா இருக்காரும்மா" என்றார். அதை ஏன் அவ்வளவு தயங்கிச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன். கோட்டைப்பட்டினம், ஐஸ் கம்பெனி

மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சார்ஜர் விளக்கு சிவப்பு. வெளியே அவர் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கிறது.

முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு, காற்று எழும்புவதற்குள் விடியற்காலையில் கிளம்பினேன். என் வீட்டுக்காரருக்குப் பிடித்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் பையில் வைத்திருந்தேன். தூக்க மாத்திரை ஒரு அட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். வழியில் எங்கும் நிற்கவில்லை, சார்ஜைப் பற்றி யோசிக்கவும் இல்லை. ஐஸ் கம்பெனி வாசலுக்கு வந்ததும் வண்டி தானாகவே நின்றது.

ஒரு பெரிய ஐஸ் பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். மீசை இல்லை. அதனால் முதலில் யாரோ என்று நினைத்தேன். நின்று பார்த்தார். கொக்கியைக் கீழே வைத்தார்.

"கோத" என்று எப்போதும்போல் என் பெயரைச் சொன்னார். "சாப்டியா?"

நான் அழமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அழவும் இல்லை. வாங்க போவோம் என்றேன்.

"எழில் எப்படி இருக்கா?"

"உங்களைக் கேட்டு அழுறா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"நான் வரல கோத."

குழம்பு போதும் என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். கோபம் இல்லை, வருத்தம்கூடத் தெரியவில்லை. நான்தான் சத்தமாகப் பேசிவிட்டேன் போல. உள்ளே வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வக்கீல் சொல்லிட்டாரு. வாய்தாவுக்கு வரலைன்னா பிடிவாரண்டாம்."

"புடிச்சிட்டுப் போகட்டும்."

"சுகந்தி வீட்டுல இதுவரைக்கும் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. அதையாச்சும் நெனைச்சுப் பாருங்க."

"சொல்லியிருந்தா பரவால்ல கோத. காலையில கோலம் போடுறப்ப அந்தப் பொண்ணு நிமிந்து என்னைப் பாக்கும். பாத்துட்டுக் குனிஞ்சுக்கும். தினம் காலையில அது. ஒரு நாள் செருப்பால அடிச்சிருந்தாகூட நான் இருந்திருப்பேன்."

"அப்ப அந்த ஊரே வேணாம். நானும் எழிலும் இங்க வந்துடுறோம். இங்கயே ஒரு மருந்துக்கடையில வேலை பாத்துக்கிறேன்."

ஐஸ் உருகி அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க யாருக்கும் எதுவும் தெரியாது. தலையைச் சாய்ச்சா தூங்கிடுறேன். நீ வந்தா அதுவும் உங்கூட வந்துரும் கோத. இப்பவே வந்துருச்சு, பாரு."

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய பாளத்தை இழுத்து வந்தபோது நடுங்காத கை.

உடனே கிளம்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. திரும்பி வண்டி வரைக்கும் போய்விட்டேன். சாவியைத் திருப்பினால் ஒன்றும் எரியவில்லை. பின்னாலேயே வந்து, "சார்ஜ் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சீட்டைத் தூக்கி அவரே பேட்டரியைக் கழற்றினார். நான் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குகிற அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து இங்கே மாட்டினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். படகு வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, போய்விட்டார்.

வரமாட்டேன் என்று சொல்லிவிட்ட மனிதரின் இடத்தில், பேட்டரி நிறைகிற வரைக்கும் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ்ஸில் வந்திருந்தால் இந்நேரம் பாதி தூரம் போயிருப்பேன்.

இடையில் டீ கொண்டுவந்தார். என் நாற்காலிக்கு எதிரில் தரையில் குந்தி உட்கார்ந்து அவரும் குடித்தார். இரண்டு பேரும் சார்ஜர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்க வேறு எதுவும் இல்லை. மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். "இங்க மாத்திரை இல்லாமத் தூங்குறேன்" என்று திருப்பி என் பையிலேயே வைத்தார். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ஆயா வரலைன்னு அவளை முன்னாடி எம்பக்கத்துல உக்கார வச்சிருந்தேன். மத்த பிள்ளைங்கள்ளாம் இறங்கிட்டாங்க. அவ ஒருத்திதான். வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தா கோத. என்ன சொன்னா தெரியுமா..."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்றேன். "விடுங்க."

விட்டுவிட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

உடம்பு தேறியிருக்கிற நேரத்தில் அதையெல்லாம் கிளறினால் என்ன ஆகும்? எனக்கும் அவரைக் கூட்டிப்போவது பற்றிப் பேச வேண்டியிருந்தது. இருந்த நேரமே கொஞ்சம்.

அன்றே, வீட்டில்

விளக்கு பச்சையானதை அவர்தான் முதலில் பார்த்தார். பேட்டரியைக் கொண்டுபோய்ப் பொருத்தி, சீட்டை மூடி, டயரை அழுத்திப் பார்த்தார். "காத்து பின்னாடிதான் அடிக்கும். மெதுவாப் போனா வீடு வரைக்கும் தாங்கும்" என்றார். வெள்ளைச் சட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அவர் மறுபடியும் டயரை அழுத்திப் பார்த்தார்.

சார்ஜ் வீடு வரைக்கும் தாங்கியது.

எழில் கேட்டாள். கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காய்ச்சல் கூட்டத்துக்காக இன்றைக்கும் கடை திறக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கும் யோசிக்க நாலு நாள் வேண்டும். யோசித்தால் மனசு மாறும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்றைக்கு சுகந்தி வந்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வாசலில் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அவள் வந்ததே இல்லை. பாதி உடம்புதான் இருக்கிறாள். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்டைத் திறக்கவில்லை.

"அக்கா, அண்ணன் கிடைச்சாங்களா?"

சார்ஜர் வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன்.

"நீங்க ஊர் ஊராப் போய்த் தேடுறீங்கன்னு எழில் சொன்னா. கிடைச்சா அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும்க்கா."

அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எம்பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் அன்னைக்கு நடந்ததை எல்லாம் எங்கிட்ட சொல்லிடுவாக்கா. மிஸ் என்ன சொன்னாங்க, யாரு அழுதா, யாரு டிபனைக் கொட்டிட்டா, எல்லாம். பையைக்கூடக் கழட்டமாட்டா. சொல்லி முடிச்சாத்தான் சாப்பிடுவா. அன்னைக்கு நடந்தது மட்டும் எனக்குத் தெரியாது. ஆயா இல்லைன்னு முன்னாடிதான் உக்காந்து வந்திருக்கா, கூட வந்த பிள்ளைங்க சொல்லுச்சு. அவ பேசாம வந்திருக்கமாட்டா. அண்ணன்கிட்ட என்னமோ சொல்லியிருப்பா. அது என்னன்னு தெரிஞ்சாப் போதும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அப்புறம் சொன்னாள்:

"கேக்கணும் கேக்கணும்னுதான் இருந்தேன். காலையில கோலம் போடுறப்ப அண்ணன் வாசல்ல நிப்பாங்க. இன்னைக்குக் கேட்டுடலாம்னு நிமிருவேன். வாய் வராது. குனிஞ்சுக்குவேன்."

அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இத்தனை நாளில் யாரிடமும் சொல்லாததை, என் மகளிடம்கூடச் சொல்லாததை, அவளிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரு, போன் போடுகிறேன் என்றேன். பரக்கத் அக்காவைக் கூப்பிட்டேன். ஐஸ் கம்பெனிக்குப் போய் அவரிடம் போனைக் கொடுங்கள், ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும், வரச்சொல்லிக் கேட்கமாட்டேன் என்றேன்.

"அவரு இல்லையேம்மா" என்றார் அக்கா. "நீ வந்துட்டுப் போன மறுநாளே போயிட்டாரு. காலையில சாப்பிட வரலையேன்னு ஆளை அனுப்பிப் பாத்தேன். போர்வையைக்கூட விட்டுட்டுப் போயிட்டாரு. எங்கேன்னு யாருக்கும் தெரியல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாளும் பயந்துகிட்டு இருந்தேன்."

அந்த ஒரு இடத்தில் அவருக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

அக்கா வைத்துவிட்டார். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் சுகந்தியிடம் சொல்ல வேண்டியிருக்கும். அவள் கம்பியை விடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மிஸ் பாராட்டினார்களாம், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாளாம், அம்மா என்ன பலகாரம் செய்திருப்பாள் என்று கேட்டாளாம், எதையாவது. நான் சொல்வதை அவள் நம்பியிருப்பாள். வாயைத் திறந்தேன். மோட்டார் அறையில் அவர் தரையில் உட்கார்ந்து, "என்ன சொன்னா தெரியுமா" என்று என்னைப் பார்த்த முகம்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"இல்லையாக்கா?" என்றாள்.

"இல்ல சுகந்தி."

சரிக்கா என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள். வாசல்படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எழில் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து நின்றாள். திட்டவில்லை. "அப்பாவைப் பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "பேசினாரா?" என்றாள். அதற்கு நான் என்ன சொல்வேன்.

வண்டியில் சார்ஜ் நிறைந்து பச்சை விளக்கு எரிகிறது. நாளைக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.